ஆட்டுக்கிடைக்கு ஏற்ற தகர அடுப்பு

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போரேறியதும், காவிரிப் பாசனப் பகுதியின் வயல்களில் வெளியூர் ஆட்டு மந்தைகள் வந்து இறங்குவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளிலிருந்து கீதாரிகள் தம் குடும்பத்துடன் வருகின்றனர். பகலெல்லாம் அறுத்த தாளில் மேய்ந்த ஆடுகளை இரவில் வயலில் மறித்துக் கிடை போடுகின்றனர். நிலச் சொந்தக்காரர் அதற்குக் கூலி தருகிறார்; நிலத்திற்கு எரு கிடைக்கிறது. கிடை எருவின் அருமையை விவசாயப் பெருமக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால், அந்த எருவை நமக்குத் தரும் குடும்பம் தன் சோற்றை எங்கே, எதைக் கொண்டு ஆக்குகிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

வரப்போரத்தில் மூன்று கற்களைக் கூட்டி, அதுவும் கிடைக்காத இடத்தில் மூன்று மண்கட்டிகளைக் கூட்டி, அவர்கள் அடுப்பெரிக்கின்றனர். வெட்டவெளியில் காற்று ஒரு புறமிருந்து வீசும்போது தீ பானையின் அடியில் நிற்பதில்லை. மறுபுறம் சாய்ந்து வெளியே ஓடிவிடுகிறது. ஆகவே, வீட்டில் ஒரு பானைச் சோற்றுக்கு ஆகும் விறகைப் போல் வயலில் இரு மடங்கும் அதற்கு மேலும் ஆகிறது. அவ்வளவு விறகும் அன்றாடம் அக்கம்பக்கத்திலிருந்தே வரவேண்டும். வேலி முள்ளைப் பிடுங்கினார்கள், கிடந்த தென்னை மட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள், கரும்புத் தோட்டத்து ஓரத்தில் நட்ட கிளுவைப் போத்தை ஒடித்தார்கள் என்று பஞ்சாயத்துக்கு வரும் பிராதுகள் இவ்வாறே பிறக்கின்றன. வேலிக்கு உடையவர் சொல்வது நியாயமே. பொழுது சாய்ந்து மந்தை திரும்பும்போது ஐந்தாறு பேருக்குச் சோறு ஆக்கி வைத்திருக்க வேண்டிய பெண்ணின் நிலையும் நியாயமே. இரு தரப்பாரையும் அழைத்துச் சமாதானம் பேசுவதோடு பஞ்சாயத்தின் கடமை முடிந்துவிடுகிறது என்று நாம் எண்ணுவதில்லை. சச்சரவின் வேர் விறகில் இருக்கிறது. விறகின் செலவோ அடுப்பில் இருக்கிறது.

நம் நாட்டில் அடுப்பைத் திருத்தும் முயற்சி புதிதன்று. ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியியல் அறிஞர் புகைபோக்கியுள்ள அடுப்பைப் பற்றி 1953-ஆம் ஆண்டிலேயே நூல் எழுதி வெளியிட்டார். 1980-களின் தொடக்கத்தில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கெனத் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 2002 வரை நடத்தியது. அத்திட்டத்தின்கீழ்க் கட்டப்பட்ட அடுப்புகளில் பல சில ஆண்டுகளிலேயே இடிந்தும் கைவிடப்பட்டும் போயின. சமைக்கும் பெண்களின் பானை அளவையும் பழக்கத்தையும் கேட்டறியாமல் கட்டியதும், பழுது பார்க்க உள்ளூரில் ஆளில்லாமற்போனதும் அதற்குக் காரணங்கள். இவ்விரண்டையும் நாம் மறவாதிருத்தல் நலம். அன்றியும், அவை பெரும்பாலும் சுவரோடு சேர்த்து மண்ணால் கட்டப்பட்டவை. பத்து நாளைக்கு ஒரு வயல் மாறும் குடும்பத்திற்கு அவற்றால் பயனில்லை. தலையில் வைத்தோ, மிதிவண்டியில் கட்டியோ எடுத்துச் செல்லத்தக்க எடையில்லாத அடுப்பே அவர்களுக்கு வேண்டும். (ஐந்து கிலோ எரிவாயு உருளை வாங்கவும் நிரப்பவும் வசதியுள்ளோர் அதையே வாங்கட்டும், நாம் குறுக்கே நில்லோம். உருளை தீர்ந்த நாளில் என்ன செய்வது என்பதற்கே கீழே சொல்லப்படுவது உதவும்.)

புகை என்பது எரியாத விறகு

அடுப்பைச் செய்யுமுன் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். விறகில் தீப்பற்றும்போது கட்டை அப்படியே எரிவதில்லை. வெப்பம் பட்டதும் கட்டையிலிருந்து வாயுக்கள் வெளிவருகின்றன. அவையே கொழுந்தாக எரிகின்றன. எஞ்சுவது கரி; அது கனலாக எரிகிறது. வாயுக்களுக்குப் போதிய காற்றும், ஏறத்தாழ 600 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பமும் கிடைத்தால் அவை முற்றும் எரிந்துபோகும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் எரியாமலே புகையாக வெளியேறும். கண்ணைக் கரிக்கும் அந்தப் புகை, நாம் தேடிச் சுமந்து வந்த விறகின் ஒரு பகுதியே ஆகும்.

காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 3,500 கிலோ கலோரி வெப்பம் உண்டு. 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி போதும். கணக்குப்படி பார்த்தால் ஒரு கிலோ விறகில் 50 லிட்டர் நீர் கொதிக்க வேண்டும்! மூன்று கல் அடுப்பிலோ வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் பதினைந்து விழுக்காடுதான் பானைக்குள் சேர்கிறது. அதாவது ஒரு கிலோவுக்கு ஐந்து முதல் ஏழு லிட்டர். காற்றடிக்கும் வெளியில் இன்னும் குறையும். விறகடுப்புகளுக்கென 2013-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட இந்தியத் தர அளவின்படி, விசிறியில்லாத அடுப்பு குறைந்தது 25 விழுக்காடு வெப்பத்தைப் பானைக்குச் சேர்க்க வேண்டும். நாம் கையால் செய்யும் தகர அடுப்பு அந்த அளவை எட்டும் என்று உறுதி கூறோம். இருபது விழுக்காட்டை எட்டினாலும், பழைய அடுப்பில் இரண்டு கட்டு விறகு தேவைப்பட்ட இடத்தில் ஒரு கட்டு போதும் அல்லவா? வேலிகளில் ஒடிபடும் முள்ளும் அதே கணக்கில் குறையும்.

செய்யும் முறை

அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தைச் சேர்ந்த லாரி வினியார்ஸ்கி என்பவர் 1980-களில் வகுத்த முறை ஒன்று பல நாடுகளில் பரவியுள்ளது. அடுப்பின் உள்ளே, எழுத்து ‘ட’வைப் போல் மடிந்த ஒரு குழாய்; அதன் படுத்த பகுதியில் விறகு; நின்ற பகுதியில் தீ; குழாயைச் சுற்றிலும் வெப்பத்தை வெளியே விடாத ஒரு பொருள். இவ்வளவே அதன் சூட்சுமம். இதை நம் ஊரில் கிடைக்கும் 15 கிலோ எண்ணெய்த் தகர டின்னில் எளிதாகச் செய்யலாம்.

டின்னின் மேல்தட்டை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். முன்பக்கத்தில், அடியிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, நான்கு அங்குல விட்டமுள்ள வட்டமாக ஒரு துளை வெட்ட வேண்டும். அதே விட்டமுள்ள இரும்புத் தகட்டுக் குழாய் ஒன்றைப் படுக்கையாக அதில் நுழைத்து, டின்னின் நடுவே அதை மேல்நோக்கித் திருப்பி, டின்னின் வாய் மட்டம் வரை நிறுத்த வேண்டும். தகர வேலை செய்பவர் எவரும் இந்த முழங்கைக் குழாயைச் செய்து தருவார். மெல்லிய தகடானால் சில மாதங்களில் உள்ளே அரித்து உதிரும். கெட்டித் தகடோ, எவர்சில்வரோ நீடிக்கும். குயவரிடம் சொல்லிச் சுடுமண்ணில் செய்துகொள்வதும் உண்டு; எடை சற்றுக் கூடும், ஊர் மாறும்போது உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள குழாயை மட்டும் எக்காரணத்தாலும் தீயில் வைக்கலாகாது. அப்பூச்சு எரிந்து எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். பூச்சிமருந்து இருந்த டின்னும் வேண்டாம், எவ்வளவு கழுவியிருந்தாலும் சரி.

படுத்த குழாயின் உள்ளே, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு தகரத் தட்டைச் செருக வேண்டும். விறகு அத்தட்டின்மேல் இருக்கும். தட்டின் கீழ் உள்ள சந்து வழியே காற்று புகும். தட்டு உள்ளே குழாயின் திருப்பத்திற்குச் சற்று முன்பே நின்றுவிட வேண்டும். வெளியே ஒரு சாண் நீண்டிருந்தால் விறகின் மறுமுனைக்குத் தாங்கலாகும். கீழே உள்ள இந்தச் சந்தை அடைத்து விறகைத் திணிப்பதுதான் நாம் பல இடங்களிலும் காணும் குறை. விறகு மிகுந்தால் தீ மிகும் என்று எண்ணுகிறார்கள். காற்று நின்றுபோகவே புகைதான் மிகுகிறது.

இனி, குழாய்க்கும் டின்னுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். இங்கேதான் நம் பகுதிக்கு இயற்கையே துணை நிற்கிறது. மண்ணோ, மணலோ, செங்கற்பொடியோ இட்டு நிரப்புவது நல்லது என்று தோன்றும். கனமான பொருள் வெப்பத்தைக் காக்கும் என்பது பொதுவான எண்ணம். உண்மை அதற்கு நேர் எதிரானது. கனமான பொருள் வெப்பத்தைத் தான் குடித்துவிடும். அது சூடேறி முடிவதற்குள் சோறு வெந்துவிடும். பிறகு அந்தச் சூடு யாருக்கும் பயன்படாமல் ஆறும். மிக இலேசான, உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்த பொருளே வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். அத்தகைய பொருள் நெல் அரவை ஆலைகளின் பின்புறத்தில் குவிந்து கிடக்கிறது: உமிச்சாம்பல். குழாயின் நாற்புறமும் இரண்டரை அங்குலக் கனத்தில் அதை நிரப்பிவிட்டால், உள்ளே தீ கொழுந்துவிட்டு எரியும்போதும் டின்னின் வெளிப்புறம் அவ்வளவு சுடாது. அதன் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. ஆகையால், கொட்டும்போது மூக்கிலும் வாயிலும் ஈரத்துணி கட்டிக்கொள்வது அவசியம். சிறிது நீர் தெளித்துக் கொட்டினால் தூசி எழாது. உமிச்சாம்பல் கிடைக்காவிடில் சலித்த விறகுச் சாம்பலே போதும்.

முன்பு எடுத்து வைத்த மேல்தட்டின் நடுவில் குழாயின் அளவுக்குத் துளையிட்டு, சாம்பலின்மேல் மூடிவிட வேண்டும். அதன்மேல் ஓர் அங்குல உயரத்தில் பானை நிற்கும்படி மூன்று இரும்புக் குமிழ்களை அமைக்க வேண்டும். குழாயின் விட்டத்தில் கால் பங்கே இந்த இடைவெளி. இதைவிடக் குறைந்தால் தீ மூச்சு முட்டும். கூடினால் சூடு பானையைத் தொடாமல் போகும்.

கடைசியாக ஒரு பாவாடை. பானைக்குப் பாவாடையா என்று சிரிக்க வேண்டாம். வெட்டவெளிச் சமையலில் பாதி ஆதாயம் இதில்தான் இருக்கிறது. பானையின் பக்கங்களைச் சுற்றி அரை அங்குல இடைவெளி விட்டு நிற்கும் ஒரு தகர வளையத்தையே அவ்வாறு சொல்கிறோம். அடியில் மோதிய சூடான வாயு வெளியே சிதறாமல், பானையின் பக்கங்களைத் தடவிக்கொண்டே மேலேறும். காற்றும் உள்ளே புகாது. எட்டங்குல அகலமும் நேரான பக்கமும் உள்ள அலுமினியப் பாத்திரத்துக்கு ஒன்பதங்குல வளையம் சரியாக இருக்கும்; டின்னின் மேல் அது வழியாமலும் உட்காரும். வயிறு பருத்த பாத்திரமானால் பருத்த இடத்தை அளந்து வளையம் செய்ய வேண்டும். வீட்டுப் பெண்ணிடம் அவர் அன்றாடம் சோறாக்கும் பாத்திரத்தைக் கேட்டு வாங்கி, அதைத் தகரக்காரரிடம் கொண்டுபோய் அளவு கொடுப்பதே முறை. அடுப்புக்காகப் பாத்திரத்தை மாற்றச் சொன்னால் அடுப்பு மூலையில் கிடக்கும்.

கிடைக்காவலுக்குத் தனியே படுத்திருப்பவருக்கு இவ்வளவும் வேண்டாம். மலையேறுவோர் பையில் வைத்துக்கொள்ளும் சிறிய இரட்டைச் சுவர் அடுப்பு ஒன்று இருக்கிறது. பெரிய டப்பாவுக்குள் சிறிய டப்பா. வெளிச்சுவரின் அடியிலும், உட்சுவரின் அடியிலும் மேல் விளிம்பிலும் வரிசையாகத் துளைகள். இரு சுவர்களுக்கும் இடையே சூடேறி மேலே வரும் காற்று, மேல்துளைகள் வழியே உட்புகுந்து புகையை எரித்துவிடுகிறது. இரண்டு கைப்பிடிச் சுள்ளியில் இருவருக்குக் காப்பி போட்டுவிடலாம். இதில் சுள்ளியை டப்பா நிறைய அடுக்கி மேற்புறத்திலிருந்து கொளுத்த வேண்டும். சோற்றுப் பானையை இதன்மேல் ஏற்றினால் குடை சாயும்.

எரிக்கும் முறை

விறகு கட்டைவிரல் பருமனுக்கு மேற்படாமல் பிளந்திருக்க வேண்டும். சீமைக் கருவேல், பருத்திமார், துவரைமார், தென்னை மட்டையின் பிளப்பு யாவும் ஏற்றவை. பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் ஆகிறது. அந்நீரைப் போக்கவும் நாமே வெப்பம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அது போகட்டும், அடுப்பின் உள்வெப்பம் தணிந்து வாயுக்கள் எரியாமல் புகைவதே அதைவிடப் பெரிய இழப்பு. ஆகையால் வந்திறங்கிய முதல் நாளே நாலைந்து நாளுக்கான விறகைப் பிளந்து வெயிலில் பரப்பிவிடுவது நல்லது. எரிகிற அடுப்பின் பக்கத்தில் விறகை உலர்த்தும் வழக்கம் ஆபத்தானது. அரளிக் குச்சியை எரிக்கவோ, கிண்டவோ பயன்படுத்தலாகாது. அதன் புகையும் நஞ்சு. சாயம் பூசிய பலகை, பிளாஸ்டிக் பை, பழைய செருப்பு இவற்றைத் தீமூட்டப் பயன்படுத்தும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். தென்னம் பன்னாடையும் காய்ந்த பனையோலையும் இருக்கும்போது அவை எதற்கு?

பன்னாடையைக் குழாயின் திருப்பத்தில் வைத்துக் கொளுத்தி, அதன்மேல் மெல்லிய சுள்ளி நாலைந்தைக் காட்டினால் ஓரிரு நிமிடத்தில் குழாய் சூடேறி, காற்றைத் தானே இழுக்கத் தொடங்கும். அதன்பின் மூன்று அல்லது நான்கு விறகே போதும். நுனிகள் மட்டுமே எரிய வேண்டும். எரிய எரியச் சிறிது சிறிதாக உள்ளே தள்ள வேண்டும். உலை கொதித்ததும் ஒரு விறகை வெளியே இழுத்துவிட்டால் தீ அடங்கிச் சோறு நிதானமாக வேகும். மூடி போட்டே வேகவைக்க வேண்டும். இதில் ஒரு தொல்லையும் உண்டு: பெரிய கட்டையைச் சொருகிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போவது இவ்வடுப்பில் இயலாது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை வைக்க வேண்டும். இதை முன்னரே சொல்லிவிடுவதே நேர்மை.

இளங்காற்றில் அடுப்பின் வாயைக் காற்றுக்கு எதிரே வைக்கலாம். ஆனி, ஆடி மாதங்களின் மேல்காற்றில் அப்படி வைத்தால் விறகு விர்ரென்று எரிந்து தீரும். வாயைக் காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பி, வரப்பின் மறைவில் வைப்பதே தகும். ஆட்டுப் படலை மறைப்பாக நிறுத்துவதை நாம் கண்டிருக்கிறோம். காய்ந்த மூங்கிலும் ஓலையும் தீக்கு எவ்வளவு அருகில் நிற்கின்றன என்பதை நினைத்தாலே நெஞ்சு பதறும்.

தீயும் புகையும்

கோடையில் அறுத்த தாள் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். அடுப்பு வைக்குமிடத்தைச் சுற்றி ஆறடிக்குத் தாளையும் சருகையும் மண்வெட்டியால் செதுக்கிவிட வேண்டும். வைக்கோல் போர், கூரை, கிடை இவற்றிலிருந்து காற்று போகும் திசையில் அடுப்பு இருத்தல் வேண்டும். அவை காற்றின் முகத்தில் இருந்தால் பொறி அவற்றை நாடிப் போகாது. ஒரு வாளி நீர் அருகே இருக்கட்டும். சமையல் முடிந்ததும் விறகை இழுத்து நுனிகளை மண்ணில் குத்தி அணைக்க வேண்டும். சாம்பலில் புதைந்த கங்கு இரவெல்லாம் உயிரோடிருக்கும். விடியற்காலைக் காற்றில் அது கண் விழிக்கும். ஆதலால் சாம்பலை நீர் தெளித்துக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்த பின்னரே கொட்ட வேண்டும்.

மலையடிவாரங்களில் மேய்க்கச் செல்வோர் இதை இரு மடங்கு கருத்தில் கொள்ள வேண்டும். காப்புக்காட்டுக்கு ஆபத்து நேரும் வகையில் தீ மூட்டுவதும், தீயை எரியவிட்டுச் செல்வதும் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படியே குற்றமாகும். 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றத்துக்குச் சென்றிருந்தவர்களுள் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். கோடையின் காய்ந்த போதைப் புல்லில் தீ மனிதனின் ஓட்டத்தைவிட வேகமாக மலையேறும். காட்டுக்குள் இந்த அடுப்பும் வேண்டாம், கட்டுச்சோறே தகும்.

மற்றோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. மழை பெய்தாலும், மார்கழிப் பனியிலும், அடுப்பைக் குடிசைக்குள்ளோ தார்ப்பாய்க்குள்ளோ எடுத்துப் போய்க் கங்கை அணையாமல் வைத்துக்கொண்டு உறங்குவோர் உண்டு. புகையில்லாத கங்கிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு மிகுதியாக வெளிவருகிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலியும் மயக்கமும் கண்டு எழுந்திருக்க நினைக்கும்போது கை கால் வாராது. கொசுவுக்காகவும் குளிருக்காகவும் தாயும் குழந்தையும் படுத்திருக்கும் இடத்தில் கங்குச் சட்டி வைப்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நேரில் கண்டால் உடனே வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். அதற்கு அவர்கள் கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

கிடை இறங்கும் மாதத்துக்கு முன்பே, ஊரில் உள்ள தகர வேலைக்காரர் ஒருவரைக் கொண்டு ஓர் அடுப்பைச் செய்வித்து, பஞ்சாயத்து அலுவலக வாசலில் எல்லோர் முன்னிலையிலும் எரித்துக் காட்டலாம். பேச்சைக் காட்டிலும் நிறுத்துக் காட்டுவதே பயன் தரும். ஒரே அளவு விறகை இரண்டு பங்காக நிறுத்து, ஒரு பங்கை மூன்று கல் அடுப்பிலும் மற்றொரு பங்கைத் தகர அடுப்பிலும் எரித்து, ஒரே அளவு நீரை எது முதலில் கொதிக்க வைக்கிறது, எதில் எவ்வளவு விறகு மிஞ்சுகிறது என்பதைத் தராசிலேயே காட்டலாம். சமைக்கிற பெண்களையே தீ மூட்டச் சொல்ல வேண்டும். அதிகாரிகள் மூட்டினால் வேடிக்கையாகவே முடியும். வந்திறங்கும் கீதாரியிடம் விறகு எங்கிருந்து எடுக்கலாம், எங்கே எடுக்கலாகாது என்பதை முதல் நாளே சொல்லி, வேலி கழித்த முள்ளையும் தோப்பில் விழுந்த மட்டையையும் நிலச் சொந்தக்காரரே ஓரிடத்தில் குவித்துக் கொடுத்துவிட்டால், கிடைக் கூலிப் பேச்சிலேயே அதையும் சேர்த்துக்கொள்ளலாம். அரைக் கட்டு விறகில் தீரும் ஒரு பிராதை நாம் ஏன் நோட்டீசு எழுதி விசாரிக்க வேண்டும்?

கிடை பெயரும் நாளில் அடுப்பு ஆறியபின் மேல்தட்டைத் திறந்து சாம்பலை வயலின் ஒரு மூலையிலோ, எருக்குழியிலோ கொட்டிவிடலாம். அதில் உள்ள சாம்பல் சத்து நிலத்துக்கே சேரும். வெறும் டின்னின் எடை மிகக் குறைவு. பாவாடையைச் சுருட்டி உள்ளே வைத்து, கரண்டியும் தட்டும் அதிலேயே போட்டுக் கட்டித் தூக்கிக்கொள்ளலாம். அடுத்த ஊரிலும் நெல் ஆலை இருக்கும், உமிச்சாம்பலும் இருக்கும்.